பூசையில் மனசு நிற்க மாட்டேன் என்கிறது: என்ன செய்வது?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறேன். ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்பதில்லை. வீட்டுக்கு வந்தபிறகு இன்றைக்கு என்ன வாசகம் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நாலு வயதுப் பையன் வேறு கூடவே இருக்கிறான். பக்தியோடும் கவனத்தோடும் திருப்பலியில் பங்கெடுக்க என்ன செய்ய வேண்டும்?"

சகோதரி, மனசு ஓடுவதைப் பாவம் என்று நினைத்து மருக வேண்டாம். வாய்விட்டுச் சொல்லும் செபத்தில் கவனம் மூன்று வகை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் பிரித்துச் சொல்லியிருக்கிறார். சொற்களைத் தப்பில்லாமல் சொல்வதில் வைக்கும் கவனம் ஒன்று. சொல்லின் பொருளில் வைக்கும் கவனம் இரண்டாவது. கடவுள் மேலும், எதற்காக மன்றாடுகிறோமோ அதன் மேலும் வைக்கும் கவனம் மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் மிக அவசியம், படிப்பறிவே இல்லாதவருக்கும் அது கைகூடும் என்கிறார் அவர். மனித மனசு பலவீனமானது, நெடுநேரம் உயரத்தில் நிற்காது, நம்மை அறியாமல் அலைந்தால் அது செபத்தின் பலனைக் கெடுக்காது என்றும் சொல்கிறார். தெரிந்தே அலையவிடுவதுதான் குற்றம்.

ஆகவே ஒரு மணி நேரமும் மனசின் கழுத்தைப் பிடித்து உட்காரவைக்கப் பார்க்காதீர்கள். திருவழிபாடு அதைக் கேட்கவில்லை. நிற்பது, உட்காருவது, மண்டியிடுவது, பதில் சொல்வது, சும்மா இருப்பது என்று உடம்புக்கும் வாய்க்கும் காதுக்கும் கண்ணுக்கும் அந்தந்த நேரத்துக்கு ஒரு வேலை வைத்திருக்கிறது. அந்த வேலையை முழுசாகச் செய்யுங்கள், மனசு பின்னாலேயே வரும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, மக்கள் அந்நியரைப்போலவோ வாய்பேசாத பார்வையாளரைப்போலவோ இருக்கக்கூடாது, உணர்ந்து, முழுமையாக, செயல்முறையில் பங்கெடுக்க வேண்டும் என்று கேட்டது. அதற்கு முன்பு பூசை லத்தீனில் நடந்தது. பீடத்தில் குரு ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருக்க, மக்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். மொழி புரியாத காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த வழி அது. இன்றைக்கும் சில பெரியவர்கள் பூசை நடக்கும்போதே மணியை உருட்டுகிறார்கள். செபமாலை நல்ல செபம்தான். பூசைக்கு முன்போ பின்போ சொல்லலாம். பூசைக்குள்ளே சொன்னால் காதும் வாயும் இரண்டு இடத்தில் நிற்கும்.

வேலை சனிக்கிழமை இரவே தொடங்குகிறது. வாசகம் நினைவில் நிற்காததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அதை முதல் தடவையாகக் கோயிலில்தான் கேட்கிறோம் என்பது. குழந்தை இழுக்கிறது, மின்விசிறி சத்தம், ஒலிபெருக்கியின் எதிரொலி. இதற்கு நடுவே முதல்முறை கேட்பது எதுவும் தங்காது. முந்தின நாள் பத்து நிமிடம் ஒதுக்கி நற்செய்தியை முதலில் வாசியுங்கள், பிறகு முதல் வாசகம், பிறகு பதிலுரைப் பாடல். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பொதுக்கால ஞாயிறுகளில், அதாவது தவக்காலம், பாஸ்கா காலம் போன்ற சிறப்புக் காலங்களில் சேராத ஞாயிறுகளில், முதல் வாசகம் அன்றைய நற்செய்திக்கு ஒத்ததாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நற்செய்தியைத் தெரிந்துகொண்டு முதல் வாசகத்தைப் பார்த்தால் இரண்டும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்பது சட்டென்று தெரியும். பதிலுரைப் பாடல் முதல் வாசகத்துக்கு நாம் சொல்லும் பதில். இரண்டாம் வாசகம் மட்டும் பொதுக்காலத்தில் தனித் தடத்தில் போகும். திருமுகம் ஒன்றை, அதாவது பவுல் போன்றோர் எழுதிய கடிதம் ஒன்றை, வாரவாரம் தொடர்ச்சியாக வாசித்துக்கொண்டு வருகிறோம். அதை நற்செய்தியோடு முடிச்சுப்போடப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். முடிச்சு அங்கே இல்லை, தேட வேண்டாம்.

எந்த ஆண்டுக்குரிய வாசகம் என்று தெரிய ஒரு எளிய கணக்கு. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருகின்றன. முதல் ஆண்டு மத்தேயு நற்செய்தி, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. ஆண்டு எண்ணை 3ஆல் வகுத்து மீதி வராவிட்டால் அது மூன்றாம் ஆண்டு, அதாவது லூக்கா. 2025 அப்படிப்பட்டது, 2028உம் அப்படியே. ஒரு விஷயம் மட்டும் மறக்கக்கூடாது: திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியில் அல்ல, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின திருவருகைக்கால முதல் ஞாயிறில் தொடங்குகிறது. அதனால் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ அடுத்த ஆண்டின் சுற்றுக்கு மாறிவிடுவோம். யோவான் நற்செய்திக்குத் தனி ஆண்டு இல்லை. தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் அது அதிகமாக வரும். மாற்கு ஆண்டின் நடுவில் ஐந்து ஞாயிறுகள், பொதுக்காலம் 17 முதல் 21 வரை, யோவான் 6ஆம் அதிகாரம் வரும்.

நற்கருணை நோன்பைப் பற்றிப் பலருக்குத் தெளிவில்லை. நற்கருணை (பூசையில் கிறிஸ்துவின் உடலாக ஏற்கும் அப்பம், நன்மை என்றும் சொல்வோம்) வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உணவும் பானமும் கூடாது. கவனியுங்கள், பூசை தொடங்குவதற்கு முன் அல்ல, நன்மை வாங்குவதற்கு முன். காலை 6 மணிப் பூசையில் 6.45க்கு நற்கருணை என்றால் 5.45க்குள் காபி முடிந்திருக்க வேண்டும். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் இந்த விதியே கிடையாது, சர்க்கரை நோய்க்காரர்கள் தயங்காமல் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஒரு காலத்தில் நடுச்சாமத்திலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. 1953இல் தண்ணீர் அனுமதிக்கப்பட்டது, 1957இல் நோன்பு மூன்று மணி நேரமானது, 1964இல் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. சுருங்கிவிட்டதே என்று அதையும் விட்டுவிட வேண்டாம். வயிற்றில் லேசான பசியோடு கோயிலுக்குள் நுழைவது, எதற்கு வந்திருக்கிறோம் என்பதை உடம்புக்குச் சொல்லிவைக்கும் வழி.

கைபேசியை ஒலியில்லாமல் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அப்படி வைத்தாலும் பெரும்பாலான கைபேசிகளில் அலாரம் அடிக்கும். விடியற்காலைப் பூசைக்கு எழுவதற்காக வைத்த அலாரம், சரியாக நிறுத்தப்படாமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அடித்து, குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது பையின் அடியிலிருந்து பாடுவது இப்படித்தான். முழுவதுமாக அணைத்துவிடுங்கள். வாசகத்தைக் கைபேசியில் பார்த்துக்கொள்கிறேன் என்பதும் வேண்டாம். ஒரு செய்தி திரையில் வந்து விழுந்தால் அன்றைய இரண்டாம் வாசகம் போச்சு.

பூசைக்கு 15 நிமிடம் முன்பே உள்ளே இருங்கள். வாசலில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை வரையும்போது அவசரமாக மூக்கைத் தடவிக்கொண்டு போகாமல், நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று நிதானமாக வரையுங்கள். அந்தத் தண்ணீர் திருமுழுக்கின் நினைவு. பிறகு நற்கருணைப் பேழை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் எரியும் அணையா விளக்கு அடையாளம். அது நடுவில் இல்லாமல் பக்கப் பீடத்தில் இருக்கும் கோயில்களும் உண்டு. நற்கருணைக்கு வலது முழங்கால் தரையைத் தொட மண்டியிடுவது உரோமை வழக்கம். பீடத்துக்குக் குனிந்து வணங்கினால் போதும். நம் நாட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1969 ஏப்ரலில் இந்திய ஆயர்கள் கேட்ட, நம் பண்பாட்டுக்கேற்ற 12 தழுவல்களுக்கு உரோமை ஒப்புதல் கொடுத்தது. மண்டியிடுவதற்குப் பதில் கைகூப்பி ஆழ்ந்து வணங்குவது, செருப்பைக் கழற்றிவிட்டு வருவது, தரையில் அமர்ந்து பங்கெடுப்பது ஆகியவை அதில் அடங்கும். ஆகவே வாசலில் செருப்பை விடுவதும் கைகூப்பிக் குனிவதும் குறைந்த மரியாதை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எதைச் செய்தாலும் நின்று செய்யுங்கள். நடந்துகொண்டே லேசாக முட்டியை மடக்கிவிட்டுப் போவது இரண்டிலும் சேராது.

உட்கார்ந்ததும் உடனே புத்தகத்தைப் பிரிக்காதீர்கள். திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, வழிபாடு தொடங்கும் முன்பே கோயிலிலும் பூசைக்கு உடைமாற்றும் அறையிலும் அமைதி காக்கச் சொல்கிறது. அந்த அமைதியில் ஒரே ஒரு வேலை: இன்றைய பூசைக்கு உங்கள் கருத்தை முடிவுசெய்வது. ஒரு நபர், அல்லது ஒரு கவலை, அல்லது ஒரு நன்றி, ஒன்று போதும். ஏழெட்டு வேண்டுதல்களைச் சுமந்துகொண்டு போனால் பூசை முழுவதும் அவற்றை எண்ணிக்கொண்டிருப்போம்.

தொடக்கச் சடங்கில் இரண்டு இடங்களைத் தவறவிடாதீர்கள். முதலாவது, பாவமன்னிப்பு வழிபாட்டில் குரு விடும் சிறிய இடைவெளி. "சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும்" என்று சொல்லப்போகிறோம் அல்லவா? அந்த நான்கில் இந்த வாரம் எதில் விழுந்தேன் என்று ஒன்றைக் கண்டுபிடித்து வையுங்கள். கடைசியில் இருக்கும் கடமையில் தவறியதைத்தான் நாம் அதிகம் மறப்போம்: பார்க்கப் போகாத நோயாளி, திருப்பிக் கொடுக்காத கடன், பேசாமல் விட்ட ஒரு வார்த்தை. "என் பாவமே" என்று நெஞ்சில் தட்டும்போது கைக்கு அப்போது அர்த்தம் வரும். இரண்டாவது, "மன்றாடுவோமாக" என்றதும் வரும் மௌனம். அது குரு புத்தகத்தின் பக்கத்தைத் தேடுவதற்காக விட்ட நேரமல்ல. ஒவ்வொருவரும் தம் மன்றாட்டை மனசுக்குள் வைப்பதற்கான நேரம். அடுத்து குரு சொல்லும் திருக்குழும மன்றாட்டு அவை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒப்புக்கொடுக்கிறது. நீங்கள் முடிவுசெய்து வைத்த கருத்தை அங்கே வையுங்கள். குரு மூச்சுவிடாமல் தொடர்ந்துவிடுகிறார் என்றால் ஆமென் சொல்லும்போதாவது வையுங்கள்.

நிற்பதும் உட்காருவதும் மற்றவரைப் பார்த்துச் செய்யும் உடற்பயிற்சியாகப் போய்விட்டதால் அதன் பொருளைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிற்பது உயிர்த்தவரின் மக்களுக்குரிய நிலை. 325இல் நடந்த நிசேயா சங்கம், ஞாயிறுகளிலும் பாஸ்கா காலத்திலும் மண்டியிடாமல் நின்றே செபிக்க வேண்டும் என்று தனிச் சட்டமே போட்டது. உட்காருவது சீடர் கேட்கும் நிலை. மண்டியிடுவது ஆராதிக்கும் நிலை. நிற்கும்போது முன் பெஞ்சைப் பிடித்துத் தொங்காமல் இரண்டு காலிலும் பாரம் போட்டு நிற்பது, உட்காரும்போது கால்மேல் கால் போடாமல் இருப்பது, மண்டியிடும்போது பின் பெஞ்சில் பாதி உட்காராமல் இருப்பது இவையெல்லாம் மரியாதைக்காக மட்டுமல்ல. உடம்பு சாய்ந்தால் மனசும் சாயும். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்து தலைகுனிந்தால் போதும், அதில் குறையொன்றும் இல்லை.

இறைவார்த்தை வழிபாட்டில் கண்ணைப் புத்தகத்தில் வைக்காமல் வாசகரைப் பார்த்துக் கேளுங்கள். முந்தின இரவு வாசித்துவிட்டீர்கள், இப்போது கேட்கிற நேரம். பதிலுரைப் பாடல் உட்பட ஒவ்வொரு வாசகத்திலிருந்தும் ஒரே ஒரு சொல்லையோ சொற்றொடரையோ எடுத்து மடியில் முடிந்துகொள்ளுங்கள். "இறைவா, உமக்கு நன்றி" என்று பதில் சொல்லும்போது அந்தச் சொல்லுக்காக நன்றி சொல்லுங்கள். பூசை முடிய நான்கு சொற்கள் கையில் இருக்கும். வீட்டில் யார் கேட்டாலும் வாசகத்தைச் சொல்ல அந்த நான்கு போதும்.

வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கேட்பவரின் கவனம் பாதி அவர்கள் கையில். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் பவுலின் திருமுகங்களை வாசித்துப் பாருங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். நீண்ட வாக்கியத்தில் தப்பான இடத்தில் மூச்சு வாங்கினால் யார் என்ன செய்தார் என்பது கேட்பவருக்குக் கடைசிவரை தெரியாது. வீட்டில் மூன்று முறையாவது சத்தமாக வாசித்து, மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். வாசக மேடைக்கு வந்ததும் மூன்று எண்ணும்வரை நின்றுவிட்டுத் தொடங்குங்கள், அதற்குள் செருமலும் பெஞ்சுச் சத்தமும் அடங்கிவிடும்.

நற்செய்திக்கு எழுந்து நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிறு சிலுவை வரைகிறோம். என் அறிவில், என் வாயில், என் உள்ளத்தில் இந்த வார்த்தை தங்கட்டும் என்பது பொருள். மறையுரை நீண்டாலும் சுருங்கினாலும், நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதில் நற்செய்தியைத் தொடும் ஒரு வாக்கியம் எப்படியும் இருக்கும், அதைத் தேடுவது உங்கள் வேலை. நம்பிக்கை அறிக்கையில் இறைமகன் மனிதரானதைச் சொல்லும் வரிக்குக் குனிந்து வணங்க வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவிலும் மார்ச் 25 மங்கள வார்த்தை விழாவிலும் அந்த வரிக்கு மண்டியிட வேண்டும்.

காணிக்கை நேரத்தில்தான் பலருடைய கவனம் முழுசாக உடைகிறது. சில்லறை தேடுவது, பையைத் திறப்பது, பின்னால் திரும்புவது. காசை வீட்டிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டால் கண் பீடத்தில் இருக்கலாம். அங்கே அப்போது நடக்கும் ஒரு சின்னச் செயலை எத்தனை பேர் பார்த்திருப்போம்? திராட்சை இரசமுள்ள கிண்ணத்தில் குரு ஒரு துளித் தண்ணீர் விடுகிறார், மெல்லிய குரலில் ஒரு செபம் சொல்கிறார். நம் மனித இயல்பில் பங்குகொண்டவரின் இறை இயல்பில் நாமும் பங்குபெற வேண்டும் என்பது அந்தச் செபம். விழுந்த துளி இரசத்திலிருந்து பிரியாது, பிரிக்கவும் முடியாது. அந்த வாரத்து உழைப்பு, சலிப்பு, பிள்ளையின் காய்ச்சல், கணவரிடம் போட்ட சண்டை எல்லாம் அந்தத் துளியோடு போகட்டும். பூசையில் உங்கள் வாழ்க்கை பீடத்துக்கு ஏறும் இடம் அது. கூடைக்காரர் உங்கள் வரிசைக்கு வரும் நேரமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும் என்பதால்தான் காசை முன்பே எடுத்துவைக்கச் சொன்னேன்.

அடுத்து வரும் நற்கருணை மன்றாட்டுதான் பூசையின் இதயம். அதிகம் பேர் தூங்கி வழியும் இடமும் அதுவே. குரு ஒருவரே தொடர்ந்து பேசுவதால் நமக்கு வேலையில்லை என்று தோன்றுகிறது. அது தப்பு. "இதயங்களை மேலே எழுப்புங்கள்" என்கிறார். "ஆண்டவரிடம் எழுப்பியுள்ளோம்" என்கிறோம். சொன்ன வாய்க்குப் பொறுப்பு உண்டு. இந்த மன்றாட்டின் வழித்தடம் தெரிந்திருந்தால் மனசு அதில் கால் வைத்து நடக்கும். முதலில் தொடக்கவுரை, அது நன்றி சொல்வது. இன்றைக்கு எதற்காக நன்றி என்பது அந்த நாளுக்கேற்ப மாறும், அதைக் காது கொடுத்துப் பிடியுங்கள். பிறகு "தூயவர்" பாடல். அது எசாயா 6ஆம் அதிகாரத்தில் வானதூதர் பாடியது. நாம் அவர்களோடு சேர்கிறோம். அடுத்து குரு அப்ப இரசத்தின் மேல் இரு கைகளையும் விரிக்கிறார், தூய ஆவியாரை அழைக்கும் நேரம் அது. பிறகு இயேசுவின் வார்த்தைகள். பிறகு நம் ஆர்ப்பரிப்பு. அதன்பின் அவர் இறப்பையும் உயிர்ப்பையும் நினைந்து பலியை ஒப்புக்கொடுத்தல், நாம் ஒரே உடலாக வேண்டும் என்று மறுபடியும் தூய ஆவியாரைக் கேட்டல், திருத்தந்தை, ஆயர், இறந்தோர் அனைவருக்காகவும் மன்றாட்டு. இந்த மன்றாட்டுக்குப் பல வடிவங்கள் உண்டு. உரோமை வழக்கின் பழைய மன்றாட்டான முதலாவதில் வரிசை சற்று மாறும். பங்குக் கோயில்களில் அதிகம் கேட்கும் இரண்டாவது இந்த வரிசையில்தான் போகும், நிதானமாகச் சொன்னாலும் ஐந்தாறு நிமிடம்தான். இறந்தோருக்காகச் சொல்லும் வரி வரும்போது உங்கள் வீட்டில் இறந்த ஒருவர் பெயரை மனசுக்குள் சொல்லுங்கள். அந்த வரியை இனி ஒருநாளும் தவறவிட மாட்டீர்கள்.

எழுந்தேற்றத்தின்போது பலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அது பக்தியாகத் தோன்றினாலும், உயர்த்துவதே நாம் பார்ப்பதற்குத்தான். குரு மக்களுக்கு முதுகு காட்டி நின்ற காலத்தில் அப்பம் கண்ணில் படாது. பார்க்க வேண்டும் என்ற மக்களின் ஏக்கத்துக்காக 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரீஸ் பகுதியில் வேரூன்றிய வழக்கம் இது. 1907இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், உயர்த்திய அப்பத்தைப் பார்த்து "என் ஆண்டவரே, என் கடவுளே" என்று திருத்தூதர் தோமாவின் வார்த்தையைச் சொல்வோருக்குப் பாவத்தண்டனையைத் தணிக்கும் ஞானப்பலன் வழங்கினார். ஆகவே நிமிர்ந்து பாருங்கள், தோமாவின் சொல்லை மனசுக்குள் சொல்லுங்கள், குரு மண்டியிட்டு வணங்கும்போது நீங்களும் தலைவணங்குங்கள்.

மன்றாட்டின் முடிவில் "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று தொடங்கும் புகழுரை குருவுக்கு உரியது. அதைச் சேர்ந்து சொல்லும் பழக்கம் பல பங்குகளில் இருக்கிறது. சொல்லக்கூடாது என்பது வெறும் சட்டமாகத் தெரியலாம். ஆனால் அதையும் நாமே சொல்லிவிட்டால், அதற்குப் பதிலாக நமக்கென்று வைத்திருக்கும் ஆமென் செத்துப்போகிறது. பூசையிலேயே பெரிய ஆமென் அதுதான். 2ஆம் நூற்றாண்டில் புனித ஜஸ்டின் உரோமையில் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போது, தலைவர் நன்றி மன்றாட்டை முடித்ததும் மக்கள் எல்லாரும் ஆமென் சொல்லி ஏற்பார்கள் என்று தனியாகக் குறிப்பிடுகிறார். உரோமைக் கோயில்களில் ஆமென் இடிபோல் முழங்கியது என்று புனித ஜெரோம் எழுதியிருக்கிறார். நம் கோயில்களில் அது முனகலாகக் கேட்கிறது. இதற்கு நேர்மாறாக, "விண்ணுலகில் இருக்கிற" செபத்தின் முடிவில் பூசையில் ஆமென் கிடையாது. குரு அந்தச் செபத்தின் கடைசி மன்றாட்டை விரித்துத் தொடர்வதால் செபம் அங்கே முடியவில்லை. பழக்கத்தில் ஆமென் வந்துவிட்டால், இன்றைக்கு யோசிக்காமல் சொல்லிவிட்டோம் என்பதற்கு அதுவே அறிகுறி.

சமாதானம் தெரிவிப்பது பக்கத்தில் இருப்பவரோடு கைகூப்புவதோடு நிற்கட்டும். கோயிலின் மறுகோடிவரை போய் வணக்கம் சொன்னால், அந்த இரைச்சலில் குரு அப்பத்தைப் பிட்பதும், ஒரு சிறு துண்டைக் கிண்ணத்தில் இடுவதும் யார் கண்ணிலும் படாமல் போகும்.

நற்கருணை வாங்கப் போகும்போது வரிசையில் கைகூப்பி, முன்னால் இருப்பவரிடமிருந்து ஓரடி தள்ளி நடங்கள். உங்கள் முறைக்கு முந்தின அடியில் தலைவணங்குங்கள். முறை வந்த பிறகு வணங்கினால் நற்கருணை ஏந்திய கையில் தலை இடிக்கும். கையில் வாங்குவதாக இருந்தால் இடது உள்ளங்கை மேலே, வலது கை அதற்கு அடியில், இரண்டையும் நெஞ்சுக்கு நேராக உயர்த்தி நீட்டுங்கள். இடது கைப்பழக்கம் உள்ளவர்கள் மாற்றி வைக்கலாம். விரல்நுனியால் பிடுங்குவது, ஒரு கையை மட்டும் நீட்டுவது, ஒரு கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுகையை நீட்டுவது எல்லாம் தவறு. குழந்தையைத் தூக்கியிருந்தால் நாவில் வாங்குங்கள். நாவில் வாங்கும் உரிமை எல்லாருக்கும் எப்போதும் உண்டு. "கிறிஸ்துவின் திருவுடல்" என்றதும் காதில் விழும்படி ஆமென் சொல்லி, ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து, பீடத்தைப் பார்த்து நின்றபடியே உட்கொள்ளுங்கள். கையில் வைத்துக்கொண்டு நடக்கக்கூடாது.

பிறகு உள்ளங்கையைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு துணுக்கு ரேகை நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஊசிமுனை அளவுகூட இருக்கலாம். அதையும் நாவால் எடுங்கள். 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆயரான புனித சிரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்குச் சொன்ன அறிவுரை இது: வலக்கையை இடக்கை தாங்கி அரசருக்குச் சிம்மாசனமாக்குங்கள், தங்கத்தூள் கையில் இருந்தால் ஒரு துகளும் விழாமல் எப்படிப் பார்ப்பீர்களோ, அதைவிடக் கவனமாக இருங்கள். தவறி அப்பம் கீழே விழுந்தால் பதறாமல் அதே இடத்தில் நில்லுங்கள், மிதிக்காதீர்கள், குருவோ நற்கருணைப் பணியாளரோ எடுத்துக்கொள்வார். திருஇரத்தம் சிந்தினால் அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவி, அந்தத் தண்ணீரை அதற்கென்று உள்ள தொட்டியில் விடுவார்கள்.

அன்றைக்கு நன்மை வாங்கும் நிலையில் இல்லாதவர்கள் வரிசையில் நிற்காமல் இடத்திலேயே இருந்து, ஆண்டவரே உம்மை உள்ளத்தில் ஏற்க விரும்புகிறேன் என்று சொன்னால் அதுவும் உண்மையான செபம். பக்கத்தில் இருப்பவர் ஏன் போகவில்லை என்று பார்ப்பது நம் வேலை இல்லை. வேளாங்கண்ணி போன்ற திருத்தலங்களுக்கு இந்துச் சகோதரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். பிரசாதம் என்று நினைத்துக் கை நீட்டுவது அவர்கள் தப்பல்ல, அவர்கள் பழக்கத்தில் அது மரியாதை. இதைக் கத்தோலிக்கர்களாகிய நாங்கள் நற்கருணையாக ஏற்கிறோம், நீங்கள் இங்கேயே நின்று வேண்டிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் இருப்பவர் முன்கூட்டியே காதோடு சொல்லிவிட்டால் வரிசையில் யாருக்கும் சங்கடம் வராது.

நற்கருணைக்குப் பிறகு ஐந்து நிமிடம் எதையும் வாசிக்காமல் இருங்கள். சொல்வதற்கு எதுவும் தோன்றாவிட்டால், முடிந்துவைத்த அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள். இந்த அமைதியைக் கெடுப்பது பெரும்பாலும் அறிவிப்புகள். அவற்றின் இடம் நற்கருணைக்குப் பின் வரும் மன்றாட்டு முடிந்தபிறகு, ஆசீருக்கு முன். அதற்கு முன்பே வாசித்துவிடும் பங்குகளில் பங்குப் பேரவை வழியாகக் கேட்டு மாற்றலாம். பாடகர் குழுவிடமும் ஒன்று கேட்கலாம். "தூயவர்", "செம்மறி" இரண்டையும் வாரவாரம் புது மெட்டில் பாடாமல் ஒரு காலம் முழுக்க ஒரே மெட்டில் பாடினால் மக்கள் வாய் திறப்பார்கள். திரையில் வரிகளைப் போடும் வசதி வந்தபிறகு எல்லாக் கண்ணும் திரைக்குப் போய்விட்டது. மனப்பாடமாகத் தெரிந்த பதில்களுக்குத் திரையை அணைத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

பையன் விஷயம். பின் பெஞ்சில் உட்கார வேண்டாம். பின்னால் இருக்கும் குழந்தைக்குத் தெரிவது பெரியவர்களின் முதுகும் வாசல் வெளிச்சமும்தான், அது வெளியே ஓடத்தான் பார்க்கும். பீடம் தெரியும்படி முன்னால், ஓரமாக, வெளியே போக வழியுள்ள இடத்தில் உட்காருங்கள். பிஸ்கட், கைபேசி இரண்டும் வேண்டாம். அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள், ஆனால் அங்கே விளையாடவிடாமல் தோளிலேயே வைத்திருந்து, அடங்கியதும் திரும்பி வாருங்கள். வெளியே போனால் இறங்கி ஓடலாம் என்று தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் அதற்காகவே அழுவான். முழுப் பூசையையும் அவனுக்கு விளக்க வேண்டாம். பார்க்க வேண்டிய மூன்று நேரங்களை மட்டும் காதோடு சொல்லுங்கள். புத்தகத்தை ஃபாதர் முத்தமிடும்போது ஒன்று. கிண்ணத்தில் தண்ணீர் விடும்போது ஒன்று. மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், "இப்ப ஃபாதர் கையைப் பாரு, ரெண்டு கையையும் விரிப்பாரு" என்று ஒன்று. அவனுக்குச் சொல்வதற்காக நீங்களும் அந்த மூன்று நேரமும் பார்த்தே ஆக வேண்டியிருக்கும்.